ஆன்கோலிடிக் வைரஸ் ஆராய்ச்சி: பல்கலைக்கழகமா, ஸ்டார்ட்அப்பா, பெரிய கம்பெனியா?

வைராலஜியில் பிஎச்.டி முடிக்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். புற்றுநோய் செல்லுக்குள் பெருகி அதைக் கொல்லும் வைரஸை, அதாவது ஆன்கோலிடிக் வைரஸை, மருந்தாக்கும் வேலையில் இறங்கவேண்டும், சரி, ஆனால் எங்கே இருந்துகொண்டு? பல்கலைக்கழக ஆய்வகத்திலா, முதலீட்டாளர் பணத்தில் ஓடும் சின்னக் கம்பெனியிலா, பெரிய மருந்து நிறுவனத்திலா, இல்லை மருத்துவமும் படித்து டாக்டராகவே உள்ளே போவதா? சம்பளத்தையும் விசாவையும் வைத்துத்தான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். அதில் தப்பே இல்லை, மாதம் பிறந்தால் வாடகை கட்டவேண்டும். ஆனால் இந்தத் துறைக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது, அதை ஏனோ யாரும் கேட்பதில்லை. நீங்கள் வருடக்கணக்கில் வளர்த்த வைரஸைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கிற நாளில், அது யார் கையில் இருக்கும்?

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த மருந்துகள் எடுத்துக்கொள்ளும் காலம் அப்படி. தைமிடின் கைனேஸ் ஜீன் வேலைசெய்யாத ஒரு ஹெர்பிஸ் வைரஸ், எலிகளில் மூளைக்கட்டியை அழிக்கிறது என்று ராபர்ட் மார்டுசாவின் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்டது 1991இல். அமெரிக்காவில் முதல் ஆன்கோலிடிக் வைரஸ் மருந்துக்கு எஃப்.டி.ஏ (மருந்துகளுக்கு அனுமதி தரும் அந்நாட்டு அரசு அமைப்பு) அனுமதி கிடைத்தது 2015 அக்டோபரில். நடுவே 24 வருடம். முப்பது வயதில் போஸ்ட்டாக் (பிஎச்.டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தொடங்குகிற ஒருவர் தன் பணிக்காலம் முழுக்க உழைத்தால் ஒரு வைரஸை, எல்லாம் கூடிவந்தால் இரண்டை, நோயாளி வரைக்கும் கொண்டுபோகலாம். "ரெண்டு வருஷம் பார்ப்போம், சரிவரலைன்னா மாறிக்கலாம்" என்கிற கணக்கு உங்களுக்குச் சரி, வைரஸுக்கு ஒத்துவராது. நீங்கள் மாறலாம், காப்புரிமை எந்த நிறுவனத்தின் பேரில் இருக்கிறதோ அங்கேதான் வைரஸ் இருக்கும்.

ஓனிக்ஸ் கதையை முதலில் பார்க்கவேண்டும். கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் மெக்கார்மிக் 1992இல் தொடங்கிய கம்பெனி அது. அடினோவைரஸிலிருந்து E1B-55K என்ற ஜீனை எடுத்துவிட்டார்கள். நல்ல செல்லில் காவலாக இருக்கிற p53 புரதத்தை அடக்கித்தான் இந்த வைரஸ் பெருகும், அதை அடக்குகிற ஜீன் இல்லையென்றால் p53 கெட்டுப்போன புற்றுநோய் செல்லில் மட்டும்தான் பெருகும் என்பது யோசனை. 1996இல் சயன்ஸில் வந்தது, பெயர் ஓனிக்ஸ்-015. நடப்பது அவ்வளவு எளிய கணக்கு இல்லை என்று பிறகு தெரியவந்தது, ஆனாலும் தலை, கழுத்துப் புற்றுநோயில் கீமோவோடு சேர்த்தபோது நம்பிக்கையூட்டும் முடிவுகள் வந்தன. மெக்கார்மிக் 1997இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகப் புற்றுநோய் மையத்துக்கு இயக்குநராகப் போய்விட்டார். கூட்டாளியாக இருந்த பெரிய மருந்து நிறுவனம் கைவிட்டது, ஓனிக்ஸும் 2003இல் வைரஸ் வேலையை நிறுத்தியது. காசு எல்லாம் சோராஃபெனிப் என்கிற மாத்திரைக்குப் போனது.

வணிகமாகப் பார்த்தால் அது சரியான முடிவுதான். சோராஃபெனிப் 2005 டிசம்பரில் அனுமதி பெற்றது, 2013இல் பெரிய மருந்து நிறுவனமான ஆம்ஜென் ஓனிக்ஸை 1,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஆனால் சோராஃபெனிப் அனுமதிக்கு ஒரு மாதம் முன்பே, 2005 நவம்பரில், அதே வகையில் மாற்றப்பட்ட அடினோவைரஸ் ஒன்று H101 என்ற பெயரில் சீனாவில் அனுமதி பெற்றுவிட்டது. ஷாங்காயின் சன்வே நிறுவனம் உருவாக்கியது. ஒரே யோசனை, ஒரு நாட்டில் மருந்தானது, இன்னொரு நாட்டில் ஃபிரீசரோடு நின்றது. ஓனிக்ஸில் அந்த வைரஸோடு ஏழெட்டு வருடம் மல்லுக்கட்டிய விஞ்ஞானியின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள், அவர் ஆராய்ச்சியில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

அப்படியென்றால் சின்னக் கம்பெனி வேண்டாமா? இல்லை, அவசரப்படக்கூடாது, ஏனென்றால் 2015இல் அனுமதி பெற்ற அந்த முதல் மருந்தும் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து வந்ததுதான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஹெர்பிஸ் வைரஸில் வேலை செய்துகொண்டிருந்த ராபர்ட் காஃபின், 1999இல் பயோவெக்ஸ் என்று தனியாக ஆரம்பித்தார். வழக்கமான ஆய்வக ரகத்தை எடுக்காமல், வாயோரத்தில் வரும் ஹெர்பிஸ் கொப்புளத்திலிருந்து புதிதாகப் பிரித்த ரகத்தை எடுத்தார்கள், ஆய்வகத்தில் பல தலைமுறை வளர்ந்த ரகத்தைவிட அது புற்றுநோய் செல்லை நன்றாகக் கொன்றது. அதிலிருந்து நரம்பைத் தாக்கும் ICP34.5 ஜீனை எடுத்தார்கள், நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் மண்ணைத் தூவும் ICP47ஐ எடுத்தார்கள், நோயெதிர்ப்பு செல்களைக் கூப்பிடும் GM-CSF ஜீனைச் சேர்த்தார்கள். டி-வெக் என்று சொல்வது இதைத்தான். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் உள்ள 436 பேரில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்த பலன் கிடைத்தவர்கள் 16.3 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 2.1 சதவீதம். இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே, 2011இல், ஆம்ஜென் 42.5 கோடி டாலர் முன்பணமும் இலக்குகளைத் தொட்டால் மேலும் 57.5 கோடியும் என்று பேசி பயோவெக்ஸை வாங்கியது.

இங்கே கம்பெனி பிழைத்ததற்கு நான் பார்க்கிற காரணம், அவர்களுக்கு வேறு மாத்திரை எதுவும் இல்லை. வைரஸ்தான் கம்பெனி, கம்பெனிதான் வைரஸ். ஓனிக்ஸுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, மூத்தது புறக்கணிக்கப்பட்டது. சின்னக் கம்பெனியில் சேரும்போது மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் பார்க்கவேண்டும் என்பேன். நீங்கள் சேரப்போகிற வைரஸ் அங்கே முதல் பொருளா, இரண்டாவதா, இல்லை இணையதளத்தில் காட்டுவதற்கு மட்டும் இருக்கும் நாலாவது பொருளா?

ஆனால் ஒற்றை வைரஸை நம்பும் கம்பெனியில் உங்கள் வேலையும் அந்த ஒற்றை வைரஸை நம்பித்தான் இருக்கும். காஃபினே இதற்கும் உதாரணம். ஆம்ஜென் வாங்கியபின் பழைய பயோவெக்ஸ் ஆட்களோடு சேர்ந்து 2015இல் ரெப்லிமியூன் தொடங்கினார். டி-வெக்கைவிட வலுவாக வடிவமைத்த RP1, மற்ற சிகிச்சை கைகொடுக்காத மெலனோமா நோயாளிகள் 140 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கட்டியைச் சுருக்கியது. நல்ல முடிவு என்றே துறையில் பலரும் நினைத்தார்கள். 2025 ஜூலையில் எஃப்.டி.ஏ, ஒப்பீட்டுக் குழு இல்லாத அந்தச் சோதனையை வைத்து அனுமதி கொடுக்கமுடியாது என்று கடிதம் அனுப்பியது. பங்கு விலை ஒரே நாளில் முக்கால் பங்குக்குமேல் விழுந்தது. வீட்டுக்கடன், பள்ளிக்குப் போகும் குழந்தை, வேலையோடு கட்டப்பட்ட விசா, இந்த மூன்றும் உங்களுக்கு இருந்தால் அப்படியொரு நாளைத் தாங்கமுடியுமா என்று முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பெரிய கம்பெனியைப் பற்றி எனக்கு நீளமாகச் சொல்ல இல்லை. சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அங்கேதான் உறுதி. ஆனால் அங்கே ஆன்கோலிடிக் வைரஸ் என்பது ஆயிரம் வரிசை கொண்ட பட்டியலில் ஒரு வரி. டி-வெக்கை பெம்ப்ரோலிசுமாப் என்கிற நோயெதிர்ப்பு மருந்தோடு சேர்த்து 692 பேரில் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனை பலன் காட்டாது என்று தெரிந்ததும் 2021இல் நிறுத்தப்பட்டது. காக்ஸாக்கி வைரஸை வைத்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த வைராலிடிக்ஸை மெர்க் 2018இல் வாங்கியது, கொஞ்ச வருடத்தில் அந்த வைரஸும் பட்டியலிலிருந்து போனது. ஊழியரை வேறு அணிக்கு மாற்றிவிடுவார்கள், சம்பளம் நிற்காது. வைரஸோடு உங்களுக்கு இருக்கும் உறவு மட்டும் நின்றுபோகும். அது பரவாயில்லை என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, நிஜமாகவே சொல்கிறேன்.

அன்றாட வேலை எப்படி மாறும் என்பதையும் பார்க்காமல் முடிவெடுக்கக்கூடாது. உயிருள்ள வைரஸ் எத்தனை என்று எண்ணும் பிளேக் அஸ்ஸேயை எடுத்துக்கொள்வோம், இந்தத் துறையில் எல்லோரும் கைவலிக்கச் செய்தது. ஆறு குழித் தட்டில் வீரோ செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் செல்கள்), வைரஸைப் பத்துப் பத்து மடங்காகக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மேலே மெத்தில்செல்லுலோஸ் போட்டு, இரண்டு மூன்று நாள் இன்குபேட்டரில் வைத்துவிட்டு, கிரிஸ்டல் வயலெட் சாயம் ஊற்றிக் கழுவினால், ஊதாப் பரப்பில் வைரஸ் தின்ற இடங்கள் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அதை எண்ணிப் பெருக்கினால் டைட்டர், அதாவது மில்லிக்கு எத்தனை வைரஸ் என்ற எண். பல்கலைக்கழகத்தில் இன்று வந்த எண்ணும் போன வாரம் வந்த எண்ணும் இரண்டு மடங்கு வித்தியாசப்பட்டால், "வைரஸ்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம், எலி செத்ததா பிழைத்ததா என்பதுதான் அங்கே கேள்வி. கம்பெனியில் அதே அஸ்ஸேதான் ஒரு பேட்ச் மருந்து வெளியே போகலாமா என்று தீர்மானிக்கும். டி-வெக் முதல் டோஸ் மில்லிக்கு பத்து லட்சம் வைரஸ், அடுத்த டோஸிலிருந்து பத்துக் கோடி, குப்பியில் ஒட்டிய எண் உள்ளே நிஜமாக இருக்கவேண்டும், மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே வருடக்கணக்கில் வைத்தபின்னும் இருக்கவேண்டும். எந்த ஆள் எண்ணினாலும், எந்தச் சாயம் வாங்கினாலும் எண் ஒத்துவரவேண்டும், ஒத்துவராவிட்டால் ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். புதிய கேள்விகள் கேட்பதில் சந்தோஷம் காண்கிறவர்களுக்கு இது சிறை மாதிரி இருக்கும். ஆனால் இந்த வேலையை ஒழுங்காகத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு, வைரஸைப் பெரிய அளவில் சுத்தமாக உற்பத்தி செய்யத் தெரிந்தவருக்கு ஒரு கம்பெனி மூடினால் இன்னொரு கதவு திறக்கும். கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட அது நம்பகமான பிடிமானம்.

சரி, பல்கலைக்கழகம். இங்கே வைரஸ் உங்கள் கையில்தான் இருக்கும், யாரும் திடீரென்று நிறுத்தமாட்டார்கள். நிறுத்துவது மானியம்தான், அதுவும் மெதுவாக. டியூக் பல்கலைக்கழகத்தின் மத்தியாஸ் குரோமையர், போலியோ தடுப்பூசி வைரஸில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு சளிப்பிடிக்க வைக்கும் ரைனோவைரஸின் பகுதியை அங்கே வைத்தார். நரம்பு செல்லில் பெருகமுடியாது, கட்டியில் பெருகும். அந்த வேலை 1990களில் தொடங்கியது. போலியோவை மூளைக்குள் செலுத்தப்போகிறேன் என்றால் எந்த அதிகாரிதான் உடனே தலையாட்டுவார்? குரங்குகளில் வருடக்கணக்கில் பாதுகாப்புச் சோதனை செய்து, முதல் நோயாளிக்குக் கொடுத்தது 2012இல். 2018இல் வெளிவந்த முடிவில், கிளியோபிளாஸ்டோமா என்கிற கொடிய மூளைப் புற்றுநோய் மீண்டும் வந்த 61 பேரில் 21 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இதே நிலையிலிருந்த பழைய நோயாளிகளின் கணக்கில் அது 4 சதவீதம். கிளியோபிளாஸ்டோமா திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும். ஒரு முதலீட்டாளரும் இவ்வளவு காலம் காத்திருக்கமாட்டார். பல்கலைக்கழகம் காத்திருந்தது. அதேசமயம் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும், அந்த மருந்துக்கு அனுமதி இன்னும் வரவில்லை, பெரிய சோதனைக்கு வேண்டிய பணமும் உற்பத்தியும் பல்கலைக்கழகத்தால் தனியாக ஆகிற காரியம் இல்லை.

டாக்டராக உள்ளே போகும் பாதைக்கு ஜப்பானின் டோமோகி டோடோவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நரம்பு அறுவை மருத்துவர். அமெரிக்காவில் மார்டுசா, சாமுவேல் ராப்கின் குழுவில் இருந்து, ஹெர்பிஸ் வைரஸில் மூன்று இடங்களில் மாற்றம் செய்த G47Δவை உருவாக்கினார், 2001இல் வெளியானது. பிறகு ஜப்பானுக்குத் திரும்பி, டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், அதன் சொந்த மருத்துவமனையிலேயே சோதனையை நடத்தினார். 19 நோயாளிகள், ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 84.2 சதவீதம். 2021 ஜூனில் ஜப்பான் ஏழு வருடத்துக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது, டெலிடாக்ட் என்ற பெயரில் தாய்ச்சி சாங்க்யோ விற்கிறது. மூளைக்கட்டிக்கு அனுமதி பெற்ற முதல் ஆன்கோலிடிக் வைரஸ் அது. வைரஸை வடிவமைத்தவரே சோதனையையும் முன்னின்று நடத்தினார், அதனால் நடுவில் எந்த நிர்வாகக் குழுவும் அதை அலமாரியில் வைக்கமுடியவில்லை. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை மருத்துவம், அறுவைப் பயிற்சி, ஆய்வு என்று அடுக்கடுக்கான வருடங்கள், கூடவே செல், ஜீன் சிகிச்சைகள் அடங்கும் மீளுருவாக்க மருத்துவத்துக்கென்று நிபந்தனை அனுமதி கொடுக்கும் ஜப்பானியச் சட்டமும் வாய்த்தது. 19 பேரை வைத்துக்கொண்டு எஃப்.டி.ஏ முன்னால் போய் நிற்கமுடியாது. பிஎச்.டி முடித்துவிட்டு இனிமேல் எம்.பி.பி.எஸ் சேரலாமா என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏற்கனவே மருத்துவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழிக்கு வாருங்கள்.

மருத்துவர் இல்லாதவர்களுக்கும் இதில் பாதியாவது கிடைக்கிற இடங்கள் உண்டு, இவற்றைத்தான் நம்மவர்கள் விண்ணப்பம் போடும்போது கவனிப்பதில்லை. பெரிய பெயருள்ள பல்கலைக்கழகமாகத் தேடுகிறோம், ஆய்வகமும் மருத்துவமனையும் நோயாளிக்கு ஏற்ற தரத்தில் வைரஸ் செய்யும் கூடமும் ஒரே வளாகத்தில் உள்ள இடமா என்று தேடுவதில்லை. மின்னசோட்டாவின் மேயோ கிளினிக் அப்படிப்பட்ட இடம். ஸ்டீஃபன் ரஸல் குழு தட்டம்மைத் தடுப்பூசி வைரஸை மல்டிபிள் மைலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுத்த செய்தி 2014இல் வந்தது நினைவிருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு டோஸில் 10,000 கோடி வைரஸ், ஒரு கோடி பேருக்குத் தடுப்பூசி போடப் போதுமான அளவு. அதை வெளியே ஆர்டர் போட்டு வாங்குவதென்றால் முடிகிற காரியமா? சொந்தமாகச் செய்யத் தெரிந்ததால்தான் முடிந்தது. கனடாவில் ஒட்டாவா மருத்துவமனையிலும் இப்படியொரு உற்பத்தி மையம் இருக்கிறது, ஜான் பெல் அங்கேதான் பல வருடமாக இந்த வைரஸ்களோடு இருக்கிறார். அவர் கூட்டாக நிறுவிய ஜென்னரெக்ஸ் கம்பெனி கொரியாவின் சில்லாஜென் கைக்குப் போனது, பெரியம்மைத் தடுப்பூசி வைரஸிலிருந்து செய்த பெக்ஸா-வெக் கல்லீரல் புற்றுநோயில் மூன்றாம் கட்டத்தில் 2019இல் தோற்றது. கம்பெனிக்கு அது பேரிடி. பெல்லின் ஆய்வகம் தொடர்ந்து நடந்தது. வளாகத்தில் ஒரு காலும் கம்பெனியில் ஒரு காலும் வைப்பவர்களுக்கு உள்ள பாதுகாப்பு இது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஆய்வுக்குப் பணம் தரும் அரசு அமைப்பான என்.ஐ.ஹெச் வைத்திருந்த போஸ்ட்டாக் சம்பள அளவு 2024இல் முதல் வருடத்துக்கு 61,008 டாலர். பாஸ்டனில் குடும்பத்தோடு அந்தச் சம்பளத்தில் இருப்பது சிரமம், மேயோ கிளினிக் இருக்கும் ராச்செஸ்டரிலோ ஒட்டாவாவிலோ வாடகை அந்த அளவுக்கு உதைக்காது. கம்பெனிகள் அதைவிட நன்றாகவே கொடுக்கும். வருடத்துக்கு என்ன வித்தியாசம் என்பதோடு எத்தனை வருடம் தொடர்ந்து வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அதுதான் நியாயமான ஒப்பீடு.

ஊருக்குத் திரும்பவேண்டும் என்கிறவர்களுக்கு. இந்தியாவில் வைரஸைப் புற்றுநோயோடு சேர்த்துச் செய்யும் வேலை என்றால் இப்போதைக்கு வலுவான வழி, நோயாளியின் நோயெதிர்ப்பு செல்லையே மாற்றிப் புற்றுநோய்மேல் ஏவும் கார்-டி செல் சிகிச்சைதான். ஐ.ஐ.டி மும்பையில் ராகுல் புர்வார் குழுவிலிருந்து வந்த இம்யூனோஆக்ட், டாட்டா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அதில் நோயாளியின் டி செல்லுக்குள் ஜீனைக் கொண்டுபோய் வைப்பது லென்டிவைரஸ். வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள ஐந்து பேருக்கு லென்டிவைரஸ் வழியாக ஜீன் சிகிச்சை கொடுத்து நல்ல முடிவு வந்திருக்கிறது, அது புற்றுநோய் இல்லை என்றாலும் கைவேலை ஒன்றுதான், வைரஸைச் சுத்தமாக வளர்ப்பது, அளப்பது, நோயாளிக்குக் கொடுக்கும் தரத்தில் வைத்திருப்பது. வெளிநாட்டில் போஸ்ட்டாக் செய்யும்போதே உற்பத்திப் பக்கம் கற்றுக்கொண்டு வந்தால் இங்கே அதற்கு மதிப்பு இருக்கும். எலிச் சோதனை மட்டும் செய்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஏற்கனவே நிறையப் பேர்.

என்னைக் கேட்டால், மருத்துவர் இல்லாத, வயது முப்பதைத் தொட்ட ஒருவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் மருத்துவமனையும் உற்பத்திக் கூடமும் ஒட்டியிருக்கும் ஆய்வகத்தில் போஸ்ட்டாக், அங்கே ஒரு வருடமாவது உற்பத்தி ஆட்களோடு கூடவே நின்று வேலை. அப்புறம் வைரஸை முதல் பொருளாக வைத்திருக்கும் சின்னக் கம்பெனி, முடிந்தால் மனிதர்களில் சோதனை ஏற்கனவே தொடங்கியிருக்கும் கம்பெனி. பெரிய கம்பெனி மூன்றாவதாக, சின்னது வாங்கப்பட்டால் அதன் கூடவே. பேராசிரியர் வேலைதான் வேண்டும் என்று மனம் உறுதியாக இருப்பவர்கள் நேராக அதற்கே போகட்டும், ஆனால் உங்கள் வைரஸை நோயாளிக்குக் கொடுக்கப்போகும் டாக்டர் யார் என்பதை வேலையில் சேருமுன்பே கண்டுபிடித்துப் பேசிவிடுங்கள். பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவர் ஆர்வத்தோடு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல வைரஸும் மைனஸ் 80 ஃபிரீசரில்தான் இருக்கும்.

நேர்காணலில் எந்த இடமானாலும் சிலது கேளுங்கள், கூச்சப்படவேண்டாம். போன முறை நோயாளிகளுக்குக் கொடுத்த வைரஸை யார் செய்தார்கள், எந்தக் கட்டிடத்தில்? கடைசியாக ஒரு பேட்ச் ஏன் நிராகரிக்கப்பட்டது? கையில் இருக்கும் பணம் எந்தச் சோதனையின் முடிவு வரைக்கும் தாங்கும்? இந்தத் திட்டத்தை நிறுத்தினால் கண்டுபிடித்தவர் அதை வெளியே எடுத்துக்கொண்டு போக ஒப்பந்தத்தில் வழி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். பரவாயில்லை, கையெழுத்துப் போடுமுன் அந்தப் பதிலை மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.